“அப்பன் நீ” என்று சொல்ல எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின

தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஒருவன் கடவுளைத் தகப்பனாக எண்ணி ஆறுதல் தேடிப் போகும் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் அந்தப் பள்ளத்தில் விழுந்து, 3 ஆண்டுகளையும் 2,43,000 ரூபாயையும் இழந்து, என் அக்காவிடம் பொய் சொன்னவனாகவும் ஆனபிறகே வெளியே வந்தேன். ஆறுதல் கிடைத்தது உண்மை. இன்றும் அது என்னோடு இருக்கிறது. ஆனால் அது நான் தேடிய இடத்தில் இல்லை. என்னைப்போல் வளர்ந்த பிள்ளைகளும், அப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்தது 1997ஆம் ஆண்டு, ஆனி மாதம். எனக்கு அப்போது 9 வயது, அக்காவுக்கு 14. எங்கள் ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா பலாப்பழம் ஏற்றும் வேலை செய்தார். பருவம் வந்துவிட்டால் விடியற்காலையில் போய் இருட்டிய பிறகுதான் வருவார். மஞ்சள் காமாலை என்று தெரிந்தும், பழ வேலை முடியட்டும் என்று பத்து நாள் கைமருந்தோடு தள்ளிப்போட்டார். கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய காக்கிச் சட்டை ஒன்றை யாருக்கும் தெரியாமல் எடுத்து என் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதில் வேர்வையும் பலாப்பால் பிசினும் கலந்த ஒரு வாசம் இருந்தது. தினமும் முகர்ந்து பார்ப்பேன். ஐப்பசி மழையில் பை நனைந்து, அம்மா சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். அப்பா செத்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிய என்னைப் பார்த்து, “இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, நீ அழக்கூடாது” என்று மூன்று பேராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் 9 வயதுப் பையன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டான். அடுத்த பதினைந்து ஆண்டுகள் யார் முன்னாலும் அவன் அழவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு குழந்தையிடம் இந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும். அதேபோல என் பாட்டி, “அப்பா நல்லவரு, அதான் சாமி கூப்பிட்டுக்கிச்சு” என்று சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு கோயிலின் கருவறை எனக்கு அப்பாவை அடைத்து வைத்திருக்கும் வீடாகத் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிடும்போதே உள்ளுக்குள் கோபம் கொதிக்கும். கடவுளை நம்பும் குடும்பத்தில் பிள்ளைக்கு உண்மையைச் சொல்வதில் தவறில்லை: அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது, மருத்துவர்களால் முடியவில்லை, எங்களுக்கும் தாங்க முடியவில்லை, சாமியிடம் அழலாம் வா. பறித்துக்கொண்டவராகக் கடவுளைக் காட்டிவிட்டுப் பிற்பாடு அவரையே தகப்பன் என்று நம்பச் சொன்னால் பிள்ளைக்கு எப்படி மனம் வரும்?

பள்ளிக்கூடத்தில் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் விவரம் எழுதுவார்கள். ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பி, அப்பா பெயர் என்ன, என்ன வேலை என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி விசாரிப்பார். நான் இரண்டு ஆண்டுகள், “வெளியூர்ல இருக்காரு” என்று சொன்னேன். பெரியவர் ஒருவர் பள்ளி திறந்த அன்று வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பொய்க்குத் தேவையே இருந்திருக்காது. ஆனால் சொல்ல ஆள் இல்லை. அம்மாவுக்கு உடன்பிறந்த மாமன் ஒருவர் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவரும் அத்தையும் எங்கள் வாசலுக்கு வருவது நின்றுவிட்டது. அக்கா வயதுக்கு வந்த பெண், சீர் செய்யவேண்டிய பொறுப்பு தலையில் விழும் என்று பயந்தார்கள் என்று பின்னால் புரிந்தது.

அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போனார். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று அம்மாவோடு சேர்ந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்ட இடம் பொத்துப்போகும், தோல் உரியும், விரல் நுனிகள் கரியாகக் கறுத்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் கறுப்பு போகாது. அந்தக் கறுத்த விரல்களால்தான் அக்கா தினமும் காலையில் எனக்குத் திருநீறு பூசிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவார். நகத்தைச் சுற்றிக் கறுப்பு, நுனியில் வெள்ளை. அந்த விரலை நான் எத்தனை ஆண்டுகள் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

ஐடிஐ படித்து, கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். 2012ஆம் ஆண்டு எனக்கு 24 வயது, சம்பளம் 11,000 ரூபாய். உடன் வேலை செய்த ஒருவர், மனம் சரியில்லை என்று நான் சொன்னதைக் கேட்டு, வேறோர் ஊரில் வீட்டிலேயே பூசை செய்துவந்த ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்து, “வா மகனே, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்?” என்றார். பதினைந்து ஆண்டுகளாக யாரும் என்னை மகனே என்று அழைத்ததில்லை. அந்த இடத்திலேயே உடைந்து அழுதேன். அழ முடிந்ததே என்ற நன்றியில், இவர் வாயால் கடவுள்தான் பேசுகிறார் என்று முடிவு செய்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல் பொய்யில்லை. அழுகை உண்மை, தலைமேல் ஒரு கை வேண்டும் என்ற ஏக்கமும் உண்மை. அந்தக் கை யாருடையது என்பதில்தான் ஏமாந்தேன்.

மாதம் 1,000 ரூபாய் காணிக்கை என்று தொடங்கியது. நான்காவது மாதம், உனக்குப் பிதுர் தோஷம் இருக்கிறது, அதனால்தான் மனம் அலைகிறது என்று சொல்லிப் பரிகாரத்துக்கு 12,000 ரூபாய் வாங்கினார். அடுத்த ஆண்டு, உன் தகப்பனாரின் ஆன்மா இன்னும் கரை சேரவில்லை, எனக்குக் கனவில் வந்து கேட்கிறார் என்றார். யாகத்துக்கு 45,000 ரூபாய். அப்பா எங்கோ தவிக்கிறார் என்று கேட்ட பிறகு எந்த மகனுக்குப் பணம் பெரிதாகத் தெரியும்? அதற்கும் அடுத்த ஆண்டு, ஆசிரமத்துக்கு நிலம் வாங்குவதாகச் சொல்லி, பெற்ற மகனிடம் கேட்பதுபோல் கேட்கிறேன் என்று 1,50,000 ரூபாய் கேட்டார். வங்கியில் 90,000 கடன் வாங்கினேன். மீதி 60,000 ரூபாய்க்கு, திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருந்த அக்காவிடம் போய், ஆலையில் வேலை நிரந்தரமாவதற்குக் கட்ட வேண்டும் என்று பொய் சொல்லி, அவருடைய நான்கு பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்தேன். அது முந்திரி உடைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய சங்கிலி.

இந்த இடத்தில், நான் கற்றுக்கொண்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன். கடவுளின் பெயரால் ஒருவர் உங்களை மகனே, மகளே என்று அழைப்பதில் தவறில்லை. ஊரில் எத்தனையோ நல்ல பெரியவர்கள் அப்படி அழைக்கிறார்கள். ஆனால் அந்த உறவுக்குத் தொகை குறித்தால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். இதை வீட்டில் சொல்லாதே, சொன்னால் பலிக்காது என்றால், எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அங்கிருந்து விலக வேண்டும். என்னிடம் அவர் அதை முதல் மாதமே சொன்னார். இறந்த தகப்பன் துன்பப்படுகிறார் என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர் உங்கள் காயத்தைத் தெரிந்துகொண்டு அதில் கை வைக்கிறார். எந்தத் தொகையையும் கேட்ட அன்றே கொடுக்காமல், ஒரு வாரம் தள்ளி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து நீங்கும். அப்படியே கொடுத்தாலும் ரசீது இல்லாமல் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். நான் முழுத் தொகையையும் பணமாகவே கொடுத்தேன், ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா என்று எண்ணினேன். சான்று இல்லை என்பதைவிட வெட்கமே என்னைத் தடுத்தது. புகார் கொடுக்காமல் விட்டது தவறு என்று இப்போது நினைக்கிறேன். எனக்குப் பின் வந்த பிள்ளைகளுக்காகவாவது கொடுத்திருக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டு ஆவணியில் ஒருநாள் அங்கே போனபோது அவர் உள்ளே பூசையில் இருந்தார். வரவு எழுதும் பையன் நீளமான நோட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். என் பெயரைத் தேடினேன். பெயர், ஊர், வேலை, கொடுத்த தொகை என்று வரிசையாகக் கோடு போட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில், என் பெயருக்கு நேராக நீல மையில் “தந்தை இல்லை” என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னும் நான்கைந்து பெயர்களுக்கு நேராகவும் அதே இரண்டு சொற்கள் இருந்தன. உள்ளேயிருந்து, “வா மகனே, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்?” என்று அவர் யாரையோ கேட்கும் குரல் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பப் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்கள்தான் என் வாழ்க்கையில் மிக மோசமானவை. அப்பாவை இழந்தபோது ஒருமுறை அநாதை ஆனேன். இப்போது கடவுளும் போய்விட்டார் என்று நினைத்தேன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. அந்த நிலையில் யாராவது இருந்தால், பக்தியால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்வேன். இப்போது 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவியும் தமிழில் கிடைக்கிறது. நான் மருத்துவரைப் பார்க்கத் தாமதித்தேன். ஒரு நாள் கடைசிப் பேருந்தில் ஏறி, இரவு பதினொரு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலியைப் பற்றியும் சொன்னேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து கொடுத்தார். விடியற்காலையில் எழுப்பி, குளித்துவிட்டு வா என்று சொல்லி, நெற்றியில் திருநீறு பூசி, திருவதிகைக்கு அழைத்துப் போனார்.

பண்ருட்டியை ஒட்டிக் கெடில நதிக்கரையில் இருக்கும் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில், சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. சிறு வயதில் நூறு முறையாவது போயிருப்பேன். அங்கே, தேவாரம் பாடிய அப்பரின் அக்கா திலகவதியாருக்குத் தனிச் சந்நிதி உண்டு. அக்கா என்னைச் சுவாமியிடம் அழைத்துப் போகுமுன் அந்தச் சந்நிதி வாசலில் உட்கார வைத்தார். சற்று நேரத்தில் வயதான ஓதுவார் ஒருவர் வந்து, தாளத்தைத் தட்டிக்கொண்டு “கூற்றாயினவாறு விலக்ககிலீர்” என்று தொடங்கினார். “ஆற்றேன் அடியேன்” என்ற இடம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வலி தாங்க முடியவில்லை என்று கடவுளிடம் நேராகச் சொல்லும் பாட்டு அது. அப்படிச் சொல்லலாம் என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

பாடி முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஓதுவார் என் அருகில் உட்கார்ந்தார். அக்கா, “தம்பிக்குச் சின்ன வயசுலயே அப்பா தவறிட்டாருங்க” என்றார். “இவருக்கும்தான்” என்று அவர் அப்பர் சுவாமிகளைக் காட்டினார். அப்பர் கதை எங்கள் ஊர்க் கதை. ஆனால் சூலை நோய், சுண்ணாம்புக் காளவாய், கல்லைக் கட்டிக் கடலில் போட்டது என்று அற்புதங்களாகவே அது என் மனத்தில் இருந்தது. அன்று ஓதுவார் வேறு விதமாகச் சொன்னார். பக்கத்துத் திருவாமூரில், மருள்நீக்கியார் என்ற பெயரோடு அப்பர் சிறுவனாக இருந்தபோதே தகப்பனார் புகழனார் இறந்தார். தாயார் மாதினியாரும் உடனே இறந்தார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தானும் உயிரை விட நினைத்த அந்தப் பெண், “தம்பியார் உளராக வேண்டும்” என்ற ஒரே காரணத்துக்காக உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் பெரிய புராணத்தில் எழுதுகிறார். தம்பி சமண சமயத்தில் சேர்ந்து வெகுதூரம் போய், வயிற்று வலியோடு இரவில் அக்காவிடமே திரும்பி வந்தார். அக்கா திருநீறு கொடுத்து, விடியலில் இந்தக் கோயிலுக்குத்தான் அழைத்து வந்தார். தகப்பன் இல்லாமல் வளர்ந்த அவர்தான் ஆறாம் திருமுறையில் “அப்பன்நீ அம்மைநீ” என்று பாடினார். சீகாழியில், மூன்று வயதில் குளக்கரையில் தகப்பனைக் காணாமல் “அம்மே அப்பா” என்று அழுத சம்பந்தப் பிள்ளை, பின்னாளில் இவரைக் கண்டபோது “அப்பரே” என்று அழைத்தது. இவர் “அடியேன்” என்றார். அப்பா இல்லாத பிள்ளைக்கு ஊரே அப்பர் என்று பெயர் வைத்துவிட்டது பார், என்று சொல்லி ஓதுவார் எழுந்து போனார். தட்சிணை கொடுக்க நீட்டினேன். உண்டியலில் போடு என்றார்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஓதுவார் சொன்னபடி, “அப்பன்நீ” என்று தொடங்கும் அந்தத் திருத்தாண்டகப் பாட்டைத் தினமும் வாய்விட்டுப் படித்தேன். பல நாள் வெறும் சொல்லாகத்தான் வந்தது. ஏறக்குறைய நாற்பதாவது நாள், வீட்டுக்குள் தனியாக இருந்தபோது, “அப்பன்நீ” என்ற சொல்லுக்கு மேல் போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு பாட்டை விட்டுவிட்டு, அப்பா, எனக்குக் கடன் இருக்கிறது, பயமாக இருக்கிறது, உன்மேல் கோபமாகவும் இருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். பதில் குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது, ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்ற நிச்சயம் உள்ளே இருந்தது. அந்த நிச்சயத்துக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை, யாரும் நடுவில் நிற்கவும் இல்லை. இதைத் தொடங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: ஒரே நேரம், ஒரே இடம் வைத்துக்கொள்ளுங்கள், அழகான வார்த்தை தேடாமல் பெற்ற தகப்பனிடம் பேசுவதுபோல் பேசுங்கள், கோபம் வந்தால் கோபத்தையும் சொல்லுங்கள். கைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அப்பர் உழவாரம் ஏந்திக் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். இன்றும் பல ஊர்களில் உழவாரப்பணிக் குழுக்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன். வெயிலில் நெருஞ்சி பிடுங்கும்போது வருகிற அமைதி, உட்கார்ந்து யோசிக்கும்போது எனக்கு வந்ததில்லை.

கடவுளைத் தகப்பனாகப் பெற்றதால் பெற்ற தகப்பன் இல்லாத குறை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். என் கல்யாணத்தில் பந்தலில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. கடனை நான்தான் அடைத்தேன். அதற்கு 4 ஆண்டுகள் இரவு ஷிப்டு பார்த்தேன். முதலில் மீட்டது அக்காவின் சங்கிலியை.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றுதான் அக்காவிடம் கேட்டேன், நீ ஏன் அன்று என்னை முதலில் திலகவதியார் சந்நிதிக்கு அழைத்துப் போனாய் என்று. சங்கிலியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, “நான் பதினாலு வயசுலேருந்து அங்கதானே போயி அழுவேன். எனக்கும்தானே தம்பி அப்பா செத்துப்போனாரு” என்றார். பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட எனக்கு அது தோன்றியதில்லை. அப்பா இல்லாத பிள்ளை என்று ஊர் என்னைத்தான் சொன்னது; நானும் என்னைத்தான் நினைத்தேன். உங்கள் வீட்டிலும் மூத்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இன்றே ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் சித்திரைச் சதயத்தன்று, அப்பர் குருபூசைக்கு, இருவரும் திருவதிகைக்குப் போகிறோம். சென்ற ஆண்டு ஓதுவாருக்குப் பின்னால் நின்று அக்கா மெல்லிய குரலில் “அப்பன்நீ அம்மைநீ ஐயனும்நீ” என்று பாடிக்கொண்டு வந்தார். அடுத்த அடி “அன்புடைய மாமனும் மாமியும்நீ” என்பது. அந்த இடத்தில் அவருக்குக் குரல் எழவில்லை. மீதியை நான் பாடினேன்.